தராசு பிடித்த பக்கத்து வீட்டுக்காரி

எங்களை வெளுத்து வாங்கிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே!

'பச்சைப் பிள்ளைகளின் பசியைப் போக்கியது அரசின் ஆணையா, ஊரின் அக்கறையா?' ஊரின் அக்கறையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் ஒரு பட்டியல் போட்டார். 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகல் உணவு போட்டது. 1956-ல் காமராசர் மதிய உணவு கொண்டுவந்தார். 1982 ஜூலை 1-ல் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அத்தனையும் உண்மை. நானும்தான் கை தட்டினேன்.

ஆனால் நடுவர் அவர்களே, அதெல்லாம் நடந்து வந்து தட்டை நீட்டத் தெரிந்த பிள்ளைக்குப் போட்ட சோறு. சத்துணவுக் கூடத்துக்குள்ளே வரவே இரண்டு வயசு ஆகணும். ஆறு மாசக் கைக்குழந்தை யாரிடம் போய்த் தட்டை நீட்டும்? தாய்ப்பால் மட்டும் போதாமல் போவது அந்த ஆறாவது மாசத்தில்தான். பிள்ளை இளைக்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

1970-களின் தொடக்கத்தில் நம் மாநிலத்தில் ஓர் ஊட்டச்சத்து ஆய்வு நடந்தது. திட்டங்கள் பல இருந்தும், மூன்று வயசுக்குட்பட்ட பிள்ளைக்கு அவை சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அது காட்டியது. பிள்ளைக்கென்று கொடுத்தனுப்பிய உணவு வீட்டில் எல்லாருக்கும் பங்காகிப் போனது. தாயைக் குறை சொல்லாதீர்கள். நாலு பேர் பசித்திருக்கும் வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் எப்படி ஊட்டுவாள்?

அதன் பிறகு 1980-ல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. "அதுவும் அரசுத் திட்டம்தானே, உலக வங்கிக் கடன்தானே?" என்று நண்பர் துள்ளுவார். துள்ளட்டும்! (சிரிப்பு) பணம் அரசுடையது. கண் யாருடையது? அதைக் கேளுங்கள்.

அந்த வேலைக்கு யாரைத் தேடினார்கள் தெரியுமா? அதே ஊர்க்காரி. அவளும் ஏழைதான். ஆனால் தன் பிள்ளையை நோஞ்சானாக விடாமல் வளர்த்தவள். "என்கிட்டேயும் காசு இல்லைதான். என் பிள்ளையைப் பாரு!" என்று சொல்ல அவளைவிடத் தகுதி யாருக்கு உண்டு? பட்டணத்து அதிகாரி ஜீப்பில் வந்து சொன்னால் தலையாட்டுவோம். ஜீப் போனதும் மறந்துவிடுவோம். பக்கத்து வீட்டுக்காரி சாயங்காலமும் வந்து, "கஞ்சி கொடுத்தியா?" என்று கேட்பாளே!

அவள் கையில் ஒரு தராசு. மூன்று வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மாசாமாசம் எடை. 'தராசில் போட்டால் கண்பட்டுப்போகும்' என்று பாட்டிமார் பயந்த காலம். அவர்களையும் சமாதானப்படுத்தியாக வேண்டும். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் தானியம், பருப்பு, வெல்லம் சேர்த்த சத்துருண்டை, தொண்ணூறு நாள். எடை ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். சில ஊர்களில் அந்த உணவைச் செய்ததே அந்த ஊர்ப் பெண்கள் குழுதான். வயிற்றோட்டம் வந்தால் கஞ்சியை நிறுத்தாதே, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடு என்று வீடு வீடாகச் சொன்னதும் அந்தப் பெண்கள்தான்.

பலன்? கடுமையான ஊட்டக்குறைவு, திட்டம் நடந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 1990 முதல் 1997 வரை நடந்த இரண்டாம் கட்டத்தில், நடுத்தர ஊட்டக்குறைவு எதிர்பார்த்த அளவு குறையவில்லை. இது என் கட்சிக்குப் பாதகம் இல்லை, சாதகம்! எலும்பும் தோலுமான பிள்ளையை யாரும் கண்டுபிடிக்கலாம். உருண்டை கொடுத்துத் தேற்றிவிடலாம். கொஞ்சம் வாடிய பிள்ளை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதைத் தேற்ற உருண்டை போதாது. கர்ப்பிணி வயிறார உண்ண வேண்டும். களையெடுக்கப் போகும் தாய்க்கு, பிள்ளைக்கு ஊட்ட நேரம் வேண்டும். மாமியாரும் கணவனும் கை கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் எந்த அரசாணை போடுவீர்கள்?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். இத்தனை சோறு போட்ட தமிழ்நாட்டிலேயே, ஐந்து வயசுக்குட்பட்ட நாலு பிள்ளைகளில் ஒன்று வயசுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தது. உலை கொதிக்கிறது, அரிசி இருக்கிறது. அப்புறமும் அந்த ஒரு பிள்ளை ஏன் வளரவில்லை?

அரசு சோறு போடும் நடுவர் அவர்களே, மறுக்கவில்லை. எந்தப் பிள்ளைக்கு அந்தச் சோறு போய்ச் சேரவில்லை என்று பார்ப்பதற்குத் தெருவில் ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தியின் பக்கம் நின்று, பசியைப் போக்கியது ஊரின் அக்கறையே என்று தீர்ப்பு வழங்கக் கேட்டு அமர்கிறேன்.