யூனியா: ஓர் அழுத்தக் குறியின் வரலாறு

ஆதித் திருச்சபையில் ஆண், பெண் உறவு குறித்த விவாதங்களில், பெண்கள் சபையில் மௌனமாயிருக்க வேண்டும் என்னும் 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரப் பகுதியே பெரும்பாலும் முதற்சான்றாக நிறுத்தப்படுகிறது. பவுலின் ரோமர் நிருபம் 16ஆம் அதிகாரமோ வெறும் வாழ்த்துப் பட்டியலாகக் கடக்கப்படுகிறது. அதன் 7ஆம் வசனத்தில் அன்றோனீக்கு, யூனியா என்னும் இருவர் இடம்பெறுகின்றனர்: பவுலுக்கு முன்பே கிறிஸ்துவை ஏற்றவர்கள், அவருடன் சிறைப்பட்டவர்கள், அப்போஸ்தலருள் புகழ்பெற்றவர்கள். தமிழில் இவை பலர்பாற் சொற்களாதலின், யூனியா ஆணா பெண்ணா என்னும் வினா வாசகர்க்கு எளிதில் எழுவதில்லை.

கிரேக்க மூலத்தில் இப்பெயர் இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. அவ்வடிவில் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் எழுத்துகள் ஒன்றே. அழுத்தக் குறி மட்டுமே வேறு. மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் அக்குறிகள் இல்லை. ஆகவே பாலைத் தீர்மானித்தவர்கள் பின்வந்த வாசகர்களே.

நான்காம் நூற்றாண்டில் பிறந்த யோவான் கிறிசோஸ்தோம் பெண்கள் சபையில் போதிப்பதை ஆதரித்தவர் அல்லர். ஆயினும் தம் ரோமர் உரையில் யூனியாவைப் பெண்ணாகவே கொண்டு, அப்போஸ்தலர் என்னும் பெயருக்குத் தகுதியானவர் எனப் போற்றுகிறார். லூதரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பிலோ இப்பெயர் ஆணுடையதாயிற்று. நெஸ்லே கிரேக்கப் பதிப்பு 1927இல் ஆண்பாற் குறியை ஏற்றது. 1998இல்தான் பெண்பாற் குறி மீண்டது. ரோமாபுரிக் கல்வெட்டுகளில் யூனியா என்னும் பெண்பெயர் 250 முறைக்கு மேல் காணப்படுகிறது. 'யூனியாஸ்' என்னும் ஆண்பெயர் ஒருமுறையேனும் கிடைக்கவில்லை.

பெண் என்பது உறுதிப்பட்டதும் விவாதம் இடம் மாறியது. 2001இல் மைக்கேல் பூரரும் டேனியல் வாலஸும், அத்தொடருக்கு 'அப்போஸ்தலருக்கு நன்கு அறிமுகமானவர்கள்' என்பதே பொருள் என வாதிட்டனர். 2005இல் எல்டன் எப் இதனை மறுத்து, யூனியாவைப் பெண் அப்போஸ்தலர் என நிறுவ முயன்றார். இலக்கண அளவில் இவ்விவாதம் நேர்மையானதே. எனினும் கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கிறிசோஸ்தோம் அத்தொடரை எவ்வாறு புரிந்துகொண்டார் என்பதற்கு உரிய எடை அளிக்கப்பட வேண்டும். 'யூனியாஸ்' ஆணாகக் கருதப்பட்ட காலத்தில் அவரது அப்போஸ்தலப் பட்டம் பெரிதும் ஐயுறப்படவில்லை என்பதும் கருதத்தக்கது.

பவுலின் வழக்கில் 'அப்போஸ்தலர்' பன்னிருவரை மட்டும் சுட்டுவதன்று. ஆதலால் இதிலிருந்து பிற்காலத் திருச்சபைப் பதவி அமைப்பை நேரே வருவிக்க இயலாது. ஆனால் பெண் அப்போஸ்தலராக இருந்திருக்க முடியாது என்னும் முன்முடிவை மூலத்திற்குள் புகுத்துவதும் ஆய்வு ஆகாது. 1 கொரிந்தியர் 11:5 பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் உரைப்பதையும் இயல்பாகக் கொள்கிறது. 14ஆம் அதிகாரத்தைப் பயிலும் மாணவர்கள் அதனையும் ரோமர் 16ஐயும் அருகில் வைத்தே பயில வேண்டும்.