திரையில் தோன்றும் போரும் தீராத வழக்கும்

ஒரு நாட்டின் போர்க்கால வரலாற்றை உரைக்கும் உரிமை யாருக்கு உரியது என்ற வினா மிகப் பழையது. அரசவைப் புலவரும், வென்ற நாட்டு வரலாற்றாசிரியரும், பாடநூல் இயற்றுவோரும் அவ்வுரிமையைத் தமக்கே உரியதென்று கொண்டாடி வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வரிசையில் புதியவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவரே தொலைக்காட்சி நாடக ஆசிரியர். நூலகத்தின் படியை மிதித்தறியாத கோடிக்கணக்கான மக்களின் இல்லங்களுக்குள் மாலை வேளையிற் புகுந்து, இறந்தோரை எழுப்பிப் பேசவைக்கும் ஆற்றல் அவருக்குண்டு. அவ்வாற்றலால் விளையும் நன்மையையும் தீமையையும் ஒருங்கே காண்பதற்கு ஜேர்மனி தேசத்தின் அனுபவம் தக்க சான்றாகும்.

1978ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நான்கு இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பாகியது 'ஹொலோகோஸ்ட்' என்னும் நாடகம். பெர்லின் நகரத்து யூத மருத்துவர் ஒருவரின் குடும்பம் ஹிட்லர் ஆட்சியிற் சிதைந்து அழிவதே அதன் கதை. நாஸிகளாற் கொல்லப்பட்ட ஏறத்தாழ 60 இலட்சம் யூதரின் துயரத்தை அஃது ஒரு வீட்டின் துயரமாகச் சுருக்கிக் காட்டியது. கொலைமுகாமிலிருந்து உயிர் தப்பிய எழுத்தாளர் எலி வீசல் அதனை வன்மையாகக் கண்டித்தார். சொல்லுக்கு அடங்காத கொடுமையை இடையிடையே வணிக விளம்பரம் வரும் பொழுதுபோக்காக்குவது இறந்தோரை இழிவுபடுத்துவதாகும் என்பது அவ்வாறு கண்டித்தோர் கொண்ட கருத்து.

ஆயினும் அந்நாடகம் 1979ஆம் ஆண்டு ஜனவரியில் மேற்கு ஜேர்மனியை அடைந்தபோது யாரும் எதிர்பாராத விளைவு உண்டாயிற்று. ஒளிபரப்பைத் தடுக்க விரும்பிய தீவிரவாதிகள் சில நாட்களுக்கு முன்னரே ஒளிபரப்பு நிலையங்களில் வெடிகுண்டு வைத்தனர். தடை பலிக்கவில்லை. ஏறத்தாழ 2 கோடி மக்கள் நாடகத்தைக் கண்டனர். ஒவ்வோர் இரவும் நாடகம் முடிந்தபின் வரலாற்றறிஞர் நிலையத்தில் அமர்ந்து வினாக்களுக்கு விடையளித்தனர். சுமார் 30,000 தொலைபேசி அழைப்புகள் வந்து குவிந்தன. முப்பது ஆண்டுகளாக மௌனம் நிலவிய வீடுகளில், "அக்காலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று மக்கள் தந்தையரை நோக்கி வினவினர். கொலைக் குற்றத்திற்கு வழக்குத் தொடரும் காலவரையறை அவ்வாண்டோடு முடிவுற இருந்தது. ஜூலை மாதத்தில் நாடாளுமன்றம் அவ்வரையறையையே நீக்கியது. நாடகம் ஒன்றே அதற்குக் காரணமென்று கூறுதல் பொருந்தாது. எனினும், நாட்டின் மனநிலை மாறுவதற்கு அது துணைநின்றது என்பதைப் பலரும் ஒப்புவர்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜேர்மனியின் இரண்டாவது பொதுத் தொலைக்காட்சி நிறுவனம், 'எங்கள் அன்னையர், எங்கள் தந்தையர்' என்று பொருள்படும் தலைப்பில் மூன்று பகுதிகளாக ஒரு நாடகத்தை ஒளிபரப்பியது. 1941இல் பெர்லினில் விடைபெற்றுப் பிரியும் ஐந்து நண்பரின் கதை அது. ஒவ்வொரு பகுதியையும் 70 இலட்சம் பேரளவில் கண்டனர். ஜேர்மன் படைவீரர் புரிந்த கொடுமைகளை அது மறைக்கவில்லை. ஆனால் வரலாற்றறிஞர் உல்ரிக் ஹெர்பேட் போன்றோர் ஒரு குறையைச் சுட்டினர். ஹிட்லரின் பள்ளிகளில் வளர்ந்து அவனை மனமார நம்பிய தலைமுறையை, அரசியலறியாது போரில் அகப்பட்ட அப்பாவி இளைஞராக நாடகம் தீட்டியது என்பதே அக்குறை.

அதனினும் பெரிய கொந்தளிப்பு போலந்தில் எழுந்தது. கதையில் வரும் யூத இளைஞன் போலந்தின் இரகசிய விடுதலைப் படையான உள்நாட்டுப் படையிடம் அடைக்கலம் புகுகிறான். அங்கே அவன் காண்பது யூத வெறுப்பு. கைதிகள் நிறைந்த புகையிரதப் பெட்டியைத் திறந்த வீரர், உள்ளிருப்போர் யூதர் என்றறிந்ததும் கதவை மீண்டும் மூடிவிடுகின்றனர். 1939இல் ஜேர்மனியாலே தாக்குண்டு, யூதரும் யூதரல்லாதோருமாக ஏறத்தாழ 60 இலட்சம் குடிமக்களை இழந்த நாடு போலந்து. 1944இல் வார்சோ நகரில் 63 நாட்கள் போராடியது அந்த உள்நாட்டுப் படை. யூதரைக் காத்தோர் என இஸ்ரேலின் யாட் வாஷெம் நினைவகம் போற்றும் போலந்து மக்கள் 7,000 பேருக்கு மேற்பட்டோர். தாக்கியவனின் பேரப்பிள்ளைகள் தாக்குண்டவனுக்குப் பழியைப் பங்கிட்டுக் கொடுப்பதா என்று அந்நாடு கொதித்தெழுந்ததில் வியப்பில்லை.

போலந்தில் யூத வெறுப்பே இருக்கவில்லை என்பதும் உண்மையன்று. 1941இல் யெட்வாப்னே ஊரில் யூதரை அயலவரே கொன்றனர். உள்நாட்டுப் படையின் சில பிரிவுகளிலும் அவ்வெறுப்பு இருந்தது. ஆகவே குறை அக்காட்சி கற்பனை என்பதிலன்று, அளவிலேயே உள்ளது. ஜேர்மன் இளைஞருக்கு அந்நாடகம் மனச்சாட்சியும் தடுமாற்றமும் கழிவிரக்கமும் அளித்தது. போலந்து வீரருக்கோ வெறுப்பை மட்டுமே அளித்தது. இலட்சக்கணக்கானோரைக் கொண்ட ஒரு படைக்குச் சில நிமிடக் காட்சியே முகமாகிவிட்டது.

அவுஷ்விற்ஸ் முகாமில் அடைபட்டிருந்த முதிய வீரர் ஒருவரும் படைவீரர் சங்கமும் கிராக்கோ நகரில் வழக்குத் தொடுத்தனர். கலைச் சுதந்திரம் என்று நாடகத்தார் வாதித்தனர். 2018இல் நீதிமன்றம் மன்னிப்புக் கோருமாறு பணித்தது. 2021இல் மேல்நீதிமன்றம் மன்னிப்பை உறுதிசெய்தது. ஆனால் அதே ஆண்டில், யூதர் அழிவை ஆராய்ந்த போலந்து வரலாற்றறிஞர் இருவரும் தம் நூலுக்காக மன்னிப்புக் கோருமாறு வார்சோ நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. சில மாதங்களில் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. பொய்க்குத் தடையாக எழுப்பிய வேலி, மெய்யை ஆராய்வோரின் வழியையும் அடைக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

எனவே நாடகத்தைத் தடுப்பதும் தீர்வன்று. அதனையே வரலாறாகக் கொள்வதும் தகாது. 1979இல் நாடகம் முடிந்தபின் விளக்கை அணைத்துவிடாமல், அறிஞரை அழைத்து மக்களை வினவச் செய்தார்களே, அம்முறையே சிறந்தது. தீர விசாரிப்பதே மெய் என்னும் முதுமொழி திரைக்கும் பொருந்தும். நாடகம் வினாவை எழுப்பட்டும். விடையைத் தேடும் கடமை கண்டோரைச் சார்ந்தது.