திண்டுக்கல் சுருட்டு

திண்டுக்கல் சுருட்டு என்பது தமிழ்நாட்டின் திண்டுக்கல் பகுதியில் விளையும் புகையிலையைக் கொண்டு கையால் சுருட்டப்படும் புகைபொருள் ஆகும். பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் இவ்விலையால் செய்யப்பட்ட சுருட்டுகள் "திருச்சிராப்பள்ளிச் சுருட்டு" என்ற பெயரிலேயே வெளிநாடுகளில் அறியப்பட்டன. ஆங்கிலத்தில் வழங்கும் "செரூட்" என்னும் சொல் தமிழின் "சுருட்டு" என்பதிலிருந்து பிறந்ததாகும்.

வரலாறு

திருச்சிராப்பள்ளியை அடுத்த உறையூர் சுருட்டுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அத்தொழிலுக்கான இலையில் பெரும்பகுதி திண்டுக்கல் சமவெளியில் விளைந்தது. விற்பனைப் பெயர் திருச்சிக்குச் சென்றதால், இலை விளைந்த ஊர் வெளியுலகில் அதிகம் அறியப்படவில்லை. பின்னர் சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. வடமதுரையை உள்ளடக்கிய வேடசந்தூர் வட்டம் புகையிலை விளையும் பகுதியாகும். 1948-இல் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டில் பீடி, சிகரெட் ஆகியவற்றின் பரவலால் சுருட்டுத் தொழில் நலிந்தது.

இலையும் தயாரிப்பும்

ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் ஆகியவை இப்பகுதியின் பழைய புகையிலை வகைகள். உலர்த்திய இலைகளைக் குவித்து வைப்பர். குவியலில் வெப்பம் உண்டாகி இலை நொதிக்கும். இதனால் நிறமும் மணமும் மாறும். குவியலை அவ்வப்போது பிரித்து மாற்றி அடுக்குவர். பின்னர் நடுநரம்பை நீக்கி, உள்ளே வைக்கும் இலையை மற்றோர் இலையால் சுற்றி, குறையில்லாத மெல்லிய இலையை மேலுறையாக இடுவர். பல சிகார்களின் ஒரு முனை மூடியிருக்கும். சுருட்டின் இரு முனைகளும் வெட்டித் திறந்திருக்கும்.

புகழ்

ஆர்தர் கோனன் டாயிலின் "எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்" (1887) புதினத்தில், தரையில் கிடந்த சாம்பலைக் கொண்டு கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று செர்லாக் ஓம்சு கண்டறிகிறார். வின்ஸ்டன் சர்ச்சில் திண்டுக்கல் சுருட்டை விரும்பினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எனினும் அவர் பெரும்பாலும் புகைத்தவை கியூபா நாட்டுச் சுருட்டுகளே.

உடல்நலக் கேடு

புகையை நுரையீரலுக்குள் இழுக்காவிடினும் சுருட்டு தீங்கற்றது அன்று. வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாக இது காரணமாகிறது. இந்தியாவில் 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம் இவற்றின் விளம்பரத்தையும், 18 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்பதையும் தடை செய்கிறது.