ராக்கெட் தளத்தில் காட்டுத்தீ



ராக்கெட் புறப்பாடு தள்ளிப்போனால் மழை, காற்று, எரிபொருள் கசிவு என்றுதான் பெரும்பாலும் காரணம் சொல்வார்கள். காட்டுத்தீயும் அந்தப் பட்டியலில் உண்டு.

அமெரிக்காவின் கலிபோர்னியா கடற்கரையில் இருக்கிறது வான்டென்பர்க் தளம். அங்கிருந்து தெற்கு நோக்கி ஏவினால் அண்டார்டிகா வரை கீழே கடல்தான். துருவங்களின் மேலாகச் சுற்றும் செயற்கைக்கோள்களுக்கு அது வசதி. ஆனால் ஏவுமேடைகளைச் சுற்றிப் பள்ளத்தாக்குகளும், காய்ந்தால் பற்றிக்கொள்ளும் புதர்க்காடும் இருக்கின்றன.

2016 செப்டம்பர் 17-இல் அங்கே தீப்பிடித்தது. மறுநாள் அட்லஸ் 5 ராக்கெட், பூமியைப் படமெடுக்கும் வேர்ல்டுவியூ-4 செயற்கைக்கோளைச் சுமந்து கிளம்ப வேண்டும். தீ 12,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. ராக்கெட் தப்பியது, ஆனால் நவம்பர் 11-இல்தான் கிளம்பியது. தீயணைக்க வந்த தண்ணீர் லாரி கவிழ்ந்து ஒரு வீரர் உயிரிழந்தார்.

இதைவிடக் கொடிய நாள் 1977 டிசம்பர் 20. சூறைக்காற்றில் மின்கம்பம் சாய்ந்து, ஹோண்டா பள்ளத்தாக்கில் தீ மூண்டது. தளத்தின் தலைவர் கர்னல் ஜோசப் டர்னர், தீயணைப்புத் தலைவர் பில்லி பெல், துணைத் தலைவர் யூஜின் கூப்பர் மூவரும் தீயில் சிக்கி மாண்டார்கள். புல்டோசர் ஓட்டிய ஒருவரும் தீக்காயங்களால் பின்னர் இறந்தார்.

ஏறத்தாழ எட்டு வாரத் தாமதம் செய்தியானது. ராக்கெட்டுக்கு வேறு தேதி குறித்துவிடலாம். விண்வெளி வரலாறு படிக்கும்போது, ஏவிய தேதிகளோடு அந்த டிசம்பர் 20-ஐயும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.