பூங்காவில் பிறந்த வெட்டுக்கோடு



பள்ளி விடுமுறையில் ஜொகூர்ப் பெற்றோர் பலர் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்வதுண்டு. விலங்குத் தோட்டத்தோடு, தங்ளின் வட்டாரத்திலுள்ள தாவரவியல் பூங்காவையும் காட்டி வாருங்கள் என்பது என் வேண்டுகோள். பெக்கோக் போன்ற தோட்டப்புற ஊர்களின் வரலாற்றில் ஓர் ஏடு அங்கே இருக்கிறது.

இப்பூங்கா 1859ஆம் ஆண்டு தோட்டக்கலை ஆர்வலர் சங்கம் ஒன்றினால் தொடங்கப்பட்டது. லாரன்ஸ் நிவென் என்பவர் வளைந்து செல்லும் பாதைகளையும் புல்வெளிகளையும் ஆங்கிலேயப் பாணியில் அமைத்தார். 1866இல் அன்ன ஏரி உருவானது. 1874இல் காலனி அரசு பொறுப்பேற்ற பின், உலாவும் இடமாக இருந்த பூங்கா பயிராய்வுக் களமாகவும் வளர்ந்தது.

பிரேசிலிலிருந்து 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திற்குச் சென்ற விதைகளில் முளைத்த பால்மரக் கன்றுகளுள் 22, அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் சில பேராக்கின் கோலகங்சாருக்குச் சென்றன. மற்றவை இப்பூங்காவில் வேரூன்றின.

1888இல் பூங்காவின் இயக்குநராக வந்தவர் ஹென்றி ரிட்லி. பிரேசிலில் கோடரியால் கொத்திப் பால் எடுத்ததால் மரங்கள் நலிந்தன. பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டின் விளிம்பையே மீண்டும் மீண்டும் சீவினால் மரமும் வாழும், பாலும் பெருகும் என்பதை அவர் 1890களில் நிறுவினார். காப்பி பயிரிட்டு வந்த தோட்ட முதலாளிகள் அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என ஏளனம் செய்தனர். 1896இல் டான் சாய் யான் மலாக்காவில் இரப்பர்த் தோட்டம் அமைத்தார். பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு இரப்பர் தேவைப்பட்டது. காடுகள் தோட்டங்களாயின.

அத்தோட்டங்களுக்குத்தான் கங்காணிகள் வழியாக நம் முன்னோர் வந்து சேர்ந்தனர். முறையைக் கண்டறிந்தவர் அறிஞர். விடியுமுன் விளக்கேந்திச் சென்று, உள்மரத்தில் கத்தி படாமல் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, மங்குகளில் பால் சேர்த்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அந்தக் கைத்திறன் இல்லையேல் அவ்வாய்வு ஏட்டோடு நின்றிருக்கும்.

2015இல் யுனெஸ்கோ இப்பூங்காவை உலக மரபுடைமையாக அறிவித்தது. ரிட்லியின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. பால்வெட்டியவர்களின் பெயர்களோ குடும்ப நினைவில் மட்டுமே வாழ்கின்றன. பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. கத்தி பிடித்த கைகளும் குறைந்து வருகின்றன.

ஆகவே, பயணத்திற்கு முன் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்கட்டும்: எந்தத் தோட்டம், எத்தனை மரம், கத்தியை எப்படிப் பிடிப்பது? அவ்விடைகளை எழுதி எடுத்துச் செல்லும் பிள்ளைக்கு, அப்பூங்கா வேற்று நாட்டுக் காட்சியாக மட்டும் இராது.