நாற்காலி எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

தோழர்களே, இந்த நினைவுரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு நாற்காலி.

என் பெரியம்மா மகள் தொண்ணூறுகளில் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போடும் வேலை பார்த்தார். காலையில் நின்றால் இரவு கடை அடைத்த பிறகுதான் உட்காருவார். நான்கே வருடத்தில் காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டது. கடையில் நாற்காலி இல்லாமல் இல்லை. அவை சேலை வாங்க வருகிறவர்களுக்கு. ஒருநாள் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார் என்று அரைநாள் சம்பளம் பிடித்தார்கள். 2010-இல் 'அங்காடித் தெரு' படம் வந்தபோது கூப்பிட்டேன், அக்கா வரவில்லை.

அப்போது சட்டம் இல்லையா? இருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினர். 1946-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, 54 மணி நேர வாரம் 48 ஆனது. அடுத்த ஆண்டே சென்னை மாகாணக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் கடை ஊழியருக்கும் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது.

இருக்கை மட்டும் வரவில்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தரச் சொன்னது. ஆனால் அது ஆலைக்கு மட்டும். இங்கிலாந்திலோ 1899-லேயே கடைகளில் மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் விற்பனைப் பெண்களைத் திரட்டிய 'பெண்கூட்டு' போன்ற அமைப்புகள் போராடியதால் கேரளம் 2018-இல் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று மசோதா வந்து, 22-அ பிரிவு சேர்ந்தது. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதே அதன் சாரம்.

ஏன் இத்தனை தாமதம்? லாபம் என்பது பாதிப் பதில்தான். உட்காருகிற ஊழியரால் முதலாளிக்குக் காசு நட்டமில்லை. நம் ஊரில் யார் முன்னால் யார் உட்காரலாம் என்பது சாதி எழுதிவைத்த சட்டம். திண்ணையிலும் டீக்கடை பெஞ்சிலும் அது நடந்தது. 2020-இல்கூட, கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவராகத் தேர்வான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படத்தைப் பார்த்தோம். கடையில் நிற்கும் பெண் எந்தச் சாதியானாலும், நிற்பதுதான் மரியாதை என்கிற பாடம் அங்கிருந்துதான் வந்தது என்பது என் கணிப்பு.

சட்டம் அடிக்கடி மாறுகிறது, எப்படித் தெரிந்துகொள்வது என்று முதலாளிகள் கேட்கிறார்கள். மயிலாப்பூர் மாடவீதியில் ஒரே ஆளை வைத்து நடத்தும் பூக்கடைக்காரர் கேட்டால் நியாயம். அவருக்கு அரசிதழ் வருவதில்லை, ஆடிட்டரும் இல்லை. அவருக்குத் தமிழில், நேரில் எடுத்துச்சொல்வது தொழிலாளர் துறையின் வேலை.

நாலு மாடிக் கடைக்காரர் அதையே சொல்லும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. 2019 ஜூனில், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசு ஆணையிட்டது. 2022-இல் அதை நீட்டித்தது. அந்தச் செய்தி அவருக்கு உடனே எட்டிவிடுகிறது. அதே ஆணையில் நிபந்தனைகளும் இருந்தன. ஒருவருக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, சுழற்சி முறையில் வார விடுப்பு வேண்டும், அன்றன்று விடுப்பில் இருப்போர் பட்டியலைக் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டவில்லை போலிருக்கிறது.

போன மாதம் அக்காவோடு அதே தெருவில் ஒரு கடைக்குப் போனேன். சேலைப் பிரிவில் புது முக்காலிகள் நாலு. விற்கிற பெண் ஒன்றின் மேல் ஏறி நின்று, மேல்தட்டிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். மற்ற மூன்றிலும் சேலைக்கட்டுகள் இருந்தன. அக்கா ஒன்றிலிருந்த கட்டை நகர்த்திவிட்டு, "நீ இப்படிக் கொஞ்ச நேரம் உட்காரும்மா" என்றார். அந்தப் பெண் முதலில் பார்த்தது கல்லாப் பக்கம்.