பேரீச்சைக்கு மாப்பிள்ளை

எங்கள் பக்கத்து வளவுகளில் நான் பார்த்த பேரீச்சைகள் பெரும்பாலும் நோன்புக்குத் தின்று எறிந்த விதையில் முளைத்தவை. ஆலையடிவேம்பைத் தாண்டினால் அக்கரைப்பற்று. அங்கே ஒரு காக்காவின் வளவில் நிற்கும் மரம் வருடம் தவறாமல் பாளை தள்ளும். ஒரு பூவுக்கு மூன்று பிஞ்சு ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றிலும் விதை இராது, சதையும் பிடிக்காது. "தண்ணி காணாது போல தம்பி" என்பார் காக்கா. தண்ணீரில் குறையில்லை. அது பெண்மரம், கிட்டடியில் ஆண்மரம் இல்லை. கரு பிடித்திருந்தால் மூன்றில் ஒன்றுதான் பழமாகும், மற்ற இரண்டும் உதிர்ந்துவிடும்.

தென்னையிலும் முருங்கையிலும் பழகிய நமக்கு, ஆண்மரத்துப் பூவைக் கொண்டுவந்து பெண்மரத்தில் கையால் சேர்ப்பது புதிது. பபிலோனியருக்குப் பழசு. ஏறத்தாழ 3,750 வருடங்களுக்கு முந்திய ஹமுராபி சட்டத்தில் இதற்கென்றே விதி உண்டு. தோட்டத்தைப் பூச்சேர்க்கக் குத்தகைக்கு எடுத்தவன் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கை உடையவனுக்குக் கொடுக்க வேண்டும். வேலையில் சோம்பி விளைச்சல் குறைந்தால் அயல் தோட்டத்து விளைச்சலைக் கணக்கில் வைத்து அளக்க வேண்டும். காற்றை நம்பி இருந்துவிட்டேன் என்ற சாட்டு அங்கே எடுபடாது.

மதீனாவிலும் இதே வழக்கம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இதைச் செய்யாவிட்டால் என்ன என்ற கருத்தில் ஒன்று சொல்லப்போக, மக்கள் விட்டுவிட்டார்கள், விளைச்சல் குறைந்தது. உலகக் காரியம் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நபியவர்கள் விட்டுக்கொடுத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. காக்காவுக்கு இந்த ஹதீஸ் நன்றாகத் தெரியும். தன் வளவு மரத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

செடிக்கும் ஆண் பெண் உண்டென்று ஐரோப்பாவில் கமராரியுஸ் சோதித்து எழுதியது 1694இல். 1749இல் பெர்லினில் கிளெடிச், காய்க்காமல் நின்ற ஒரு விசிறிப்பனைக்கு லைப்சிக்கிலிருந்து ஆண்பூவைத் தருவித்துக் காய்க்க வைத்தார். பஸ்ராவின் கமக்காரன் கேட்டிருந்தால் சிரித்திருப்பான்.

எங்கள் கரையில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். பேரீச்சைக்கும் அதே முறை. ஆண்பாளை வெடித்ததும் வெள்ளைப் பூச்சரத்தில் இரண்டு மூன்றை வெட்டி, புதிதாய் வெடித்த பெண்பாளைக்குள் தலைகீழாகச் செருகி, நாரால் தளர்வாகக் கட்ட வேண்டும். இரண்டு மூன்று நாளுக்குள் செய்தால் நல்லது. ஓர் ஆண்மரம் ஐம்பது பெண்மரங்களுக்குப் போதும்.

காத்தான்குடிப் பிரதான வீதியில் பேரீச்சை குலை தள்ளி நிற்பதைப் பார்த்தபிறகு இங்கேயும் பலருக்கு ஆசை. விதை போட்டால் ஏறக்குறைய பாதி ஆணாகத்தான் வரும், அதுவும் பூக்கும்வரை தெரியாது. பூக்கவோ நாலைந்து வருடத்துக்கு மேலாகும். ஆகவே காய்த்த மரத்தின் பக்கக்கன்றை வாங்குங்கள். ஆண் என்று தெரிந்ததும் கோடரியைத் தூக்காதீர்கள். ஒழுங்கைக்கு ஒன்றாவது நிற்கட்டும். அதன் பூத்தூளை நிழலில் உலர்த்திப் போத்தலில் இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், அடுத்த வருடம் பெண்பாளை முந்தி வெடித்தாலும் கைவசம் இருக்கும்.